அண்ணி, உன் சமையலறையில் கேமரா வைத்துவிட்டார்கள்

என்னோடு சண்டை போட்டுக்கொண்டே நாற்பத்தாறு வருஷம் ஒரே கூரைக்குள் இருந்த என் அண்ணிக்கு,

உன் சமையலறையில் கேமரா வைத்துவிட்டார்கள். வைத்தது உன் மகன் முரளிதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் காரியம் முடிந்த மூன்றாம் நாள், மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருகிறேன், ஃபிரிட்ஜுக்கு மேலே சுவரில் முட்டை அளவுக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. அதில் பதிவானதைப் பார்த்துவிட்டு, நான் இந்த வீட்டில் தனியாக இருக்க லாயக்கில்லை என்று அவனும் அவன் மனைவி நிர்மலாவும் முடிவு கட்டினார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் என்னை நாவலூரில் இருக்கும் அவர்கள் ஃபிளாட்டுக்குக் கூட்டிப் போய்விடுவதாம், இந்த வீட்டைப் பூட்டிவிடுவதாம். எனக்கு நடந்த அநியாயம் இது.

இந்தக் கடிதத்தை நான் பெட்டியில் பூட்டி வைக்கப் போவதில்லை. நாலு பேர் படிக்கட்டும். முரளியும் படிப்பான். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊருக்கு முன்னால் உன்னை நீங்க என்பேன், வீட்டுக்குள் நீ என்பேன். இது வீட்டுக்குள் பேசுவது என்றே வைத்துக்கொள்.

நீ இருந்தவரை அடுப்பு உன்னுடையது, துணி என்னுடையது. நான் மாமல்லபுரத்து ஓட்டலில் இருபத்தெட்டு வருஷம் சலவைக் கூடத்தில் நின்றவள். என் மடிப்பில் நீ கை வைக்கக் கூடாது, உன் குழம்பில் நான் உப்புப் போடக் கூடாது. அண்ணன் போன பிறகும் அந்த எல்லையை நாம் தாண்டவில்லை. நீ போன பிறகு எனக்கு எல்லையும் இல்லை, சமைக்கவும் தெரியவில்லை. அறுபத்தெட்டு வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே.

உன் டப்பாக்களைப் பற்றி உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. டீத்தூள் என்று எழுதிய டப்பாவில் வெந்தயம். சர்க்கரை என்று எழுதியதில் கடலைப்பருப்பு. காபி என்றதைத் திறந்தால் கல் உப்பு. யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஓட்டல் சோப்பு மூட்டைகளில் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டவள் நான். எழுத்தை நம்பித்தானே டப்பாவை எடுப்பேன்? ஒரு வாரம் ஏமாந்தேன். படிக்கத் தெரிந்தவள் கைக்கு எதுவும் சிக்கக் கூடாது என்றே இப்படி வைத்தாயோ என்று உன் மீதும் சந்தேகம் வந்தது. உனக்கு எழுத்து தேவைப்படவில்லை, இடம்தான் அடையாளம் என்று பிறகு புரிந்தது. இருந்தாலும் முழுசாக நம்பவில்லை.

காலையில் எனக்குப் பெரிய வேலை துடைப்பது. நம் பக்கத்துச் சிற்பக் கூடத்தில் இப்போது இன்னொரு அறுப்பு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கல் மாவு ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மீதும் படிகிறது. ஃபிரிட்ஜ் மேல், மிக்ஸி மேல், உன் படத்தின் மேல். ஈரத் துணியை நாலாக மடித்து ஒரு மூலையிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு பக்கம் அழுக்கானால் மறு பக்கம். எட்டுப் பக்கமும் தீர்ந்தால் துணியை அலசுவேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை. மனசு அந்தத் துணிக்குப் பின்னாலேயே போகிறது. நீ போன பிறகு எனக்குத் தூக்கம் வந்ததே இந்தத் துடைப்பினால்தான் என்று நினைக்கிறேன்.

மாசியில் வாஷிங் மெஷின் நின்றுபோனது. தண்ணீர் எடுக்கவில்லை, கூவென்று கத்தியது, திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னின. முரளிக்கு ஃபோன் போட்டேன். "உட்டுடு அத்த, அது பழசு. நாவலூருக்கு வந்துட்டா துணிய வெளிய குடுத்துக்கலாம்" என்றான். என் துணியை வெளியே கொடுப்பதா? நானா?

அன்று சாயங்காலம் ஃபோனில் அந்த எழுத்தையும் எண்ணையும் போட்டுத் தேடினேன். தமிழில் ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலையில் குழாயை மூடி, பின்னால் இருந்த பைப்பைத் திருகிக் கழற்றினேன். உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சல்லடை. அதில் கல் மாவும் உப்பும் சேர்ந்து சிமென்ட் மாதிரி அடைத்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். தண்ணீர் சரசரவென்று இறங்கிய சத்தத்தைக் கேட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் காரியம் முடிந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்த முதல் காலை அது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை.

தேடியது சாயங்காலம், செய்தது காலை என்று சொன்னேன் இல்லையா? அதற்குக் காரணம் உண்டு. கேமராவுக்காக முரளி இந்த வீட்டுக்கு நெட் போட்டான். அந்த நெட் பகலில் வரவே வராது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வரும், விடிந்தால் போய்விடும். என் ஃபோனில் பேசத்தான் முடியும், மற்றதற்கெல்லாம் அந்த நெட்தான். கிழவி பகலெல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று முரளியே அங்கிருந்து நிறுத்திவிடுகிறான் என்று நான் முடிவு செய்தேன். அவன் கம்ப்யூட்டர் வேலையில்தானே இருக்கிறான்?

இன்னொன்றும் இருந்தது. ஆறு மணிக்கு உன் படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பைப் போட்டுக் கும்பிட்டு நிற்பேன். கண்ணைத் திறப்பதற்குள் சமையலறைக் கேமராவிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் என்னவோ சொல்லும். தினமும். சரியாக நான் விளக்கு வைத்த பிறகு. நிர்மலா வேலை முடிந்து வந்து கேமராவைத் திறக்கிறாள், அதைத்தான் அது சொல்கிறது என்று நினைத்தேன். உன்னோடு நான் பேசும் நேரமாகப் பார்த்து வேவு பார்க்க வருகிறாளே என்று வயிறு எரியும். ஒன்பது மாசம் எரிந்தது அண்ணி. ஃபோனில் அவள் "சாப்பிட்டீங்களா சின்னத்தை" என்று கேட்டால், "நீதான் பாத்தியே" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

நெட் பெட்டியைப் போட்ட தேவராஜ் உனக்குத் தெரியும். நம் தெருவுக்குக் கேபிள் இழுத்தவன். அவனை மூன்று தடவை வரவழைத்தேன். பகலில் அவனுக்கு ஓட்டல்களில் வேலை. விளக்கு வைத்த பிறகுதான் வருவான். வந்து பார்த்தால் எல்லாம் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது தடவை கேட்டான், "இன்னாக்கா, நெட் சூப்பரா வந்துகினு கீது. இதுக்கா கூப்ட்ட?"

"பகல்ல வரல தேவராஜ்."

"பகல்ல வராம ராவுல மட்டும் வர்றதுக்கு அது இன்னா, அண்ணியோட ஆவியா?"

"அண்ணி வந்தா முதல்ல உன் ஒயர அறுத்துட்டுத்தான் உக்காரும். கெளம்பு."

பங்குனியில் முரளியும் நிர்மலாவும் வந்தார்கள். முரளி ஃபோனை நீட்டி மூன்று காட்சிகளைக் காட்டினான். நான் ஸ்டூல் மேல் ஏறி மேல் தட்டிலிருந்து புளிப் பானையை எடுக்கிறேன். நான் கீரை ஆய்ந்துகொண்டே உன்னோடு சத்தமாகப் பேசுகிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. மூன்றும் சாயங்காலத்துக் காட்சிகள். வேலை செய்து களைத்தவள்தான் அவற்றில் இருக்கிறாள். விடிகாலையிலிருந்து வேலை செய்தவளை அவன் பார்த்ததே இல்லை.

"பகல்ல நான் இன்னா பண்றேன்னும் காட்டேன்" என்றேன்.

"அதத்தான் கேக்கறேன் அத்த. பகல் பூரா கேமரா ஆஃப்ல கீது. நீதான ஆஃப் பண்ற?"

"நான் அதத் தொட்டதே இல்லடா."

"அப்ப அது இன்னா, தானா தூங்கி தானா எய்ந்துக்குதா?"

நிர்மலா அவன் கையைப் பிடித்தாள். "விடுங்க. சின்னத்தைக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம்" என்றாள்.

அவள் நல்லதாகத்தான் சொன்னாள். அது எனக்கு இப்போது தெரியும். அன்று அந்த ஞாபகம் என்ற வார்த்தை என்னை அறைந்தது. நான் பொய் சொல்கிறேன் என்றிருந்தால்கூடப் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். ஞாபகம் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஞாபகம் இருக்கிறது என்று எதை வைத்து நிரூபிப்பது?

அன்றைக்கே முரளி நம் வீட்டுக் கூடத்தை டேப் வைத்து அளந்தான். ஏன்டா என்றேன். கிரில் கதவு போட என்றான். கிரில் கதவுக்கு வாசலைத்தானே அளக்க வேண்டும்? கிளம்பும்போது சிற்பக் கூடத்து முதலாளியோடு வேலி ஓரம் நின்று நிறைய நேரம் பேசினான். முடித்த சிலைகளை வைக்க அவர்களுக்கு இடம் போதவில்லை என்று ஊருக்கே தெரியும். பட்டா முரளி பெயரில் இருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை, அவன் உன் மகன். ஆனால் நான் படுக்கும் இடத்தில் யானையும் நந்தியும் வரிசையாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நீயே சொல், நான் தப்பாக நினைக்கிறேனா?

சித்திரை அமாவாசைக்கு முதல் நாள் காலை, உன் படத்தைத் துடைக்க எடுத்தேன். படத்துக்குப் பின்னால்தான் நெட் பெட்டி. அதன் மேல் கல் மாவு விழாமல் இருக்க, பழைய தலையணை உறையை வெட்டி நானே ஓர் உறை தைத்துப் போட்டிருந்தேன். அதையும் துவைக்கலாம் என்று உருவினேன். பெட்டியில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. சரி, பகலில் செத்துக் கிடப்பதுதானே அதன் பழக்கம் என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. கைக்கு எட்டிய உன் சிவப்பு பல்பைப் போட்டேன்.

பகலில் விளக்கு எரிந்தால் நீ யாரையும் விடமாட்டாய். அதனால்தான் தினமும் எழுந்ததும் முதல் வேலையாக அந்த பல்பை அணைக்கிறேன். அன்று ஒரு நிமிஷத்துக்காகப் போட்டேன். பெட்டியில் பச்சை பச்சையாக விளக்குகள் எரிந்தன. கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அந்த இங்கிலீஷ் பொம்பளை பேசினாள்.

சுவிட்சை அணைத்தேன். பெட்டி செத்தது. போட்டேன். எரிந்தது, அவளும் பேசினாள். நாலு தடவை செய்தேன். பிறகு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். உன் பல்பைச் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே தேவராஜ் நெட் பெட்டியையும் சொருகியிருக்கிறான். இரண்டுக்கும் சுவரில் ஒரே சுவிட்ச். அவன் வந்ததெல்லாம் விளக்கு எரியும் நேரம், அதனால் அவனுக்கும் தெரியவில்லை. தினமும் நெட்டை நிறுத்தியது நான். கேமராவைத் தூங்க வைத்ததும் நான். நிர்மலா வேவு பார்க்க வருகிறாள் என்று ஒன்பது மாசம் அவளைத் திட்டினேனே, நெட் வந்ததும் கேமரா தானாகக் கொடுக்கும் அந்தக் குரலை ஒவ்வொரு நாளும் கூப்பிட்டது என் விரல்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஞாபகம் போகவில்லை, கேமராவை நான் தொடவும் இல்லை. இரண்டும் உண்மை. அந்த நிம்மதியில் கூடம் முழுவதையும் இன்னொரு தடவை துடைத்தேன்.

ஃபோனில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று, முதலில் தேவராஜைப் பகலில் வரச்சொல்லி சாட்சிக்கு நிறுத்தினேன். சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"பேஜாரு பண்ணிட்டியேக்கா. சாமி லைட்டு சுவிட்சயா போய் அணைக்கறது?"

"அது சாமி லைட்டு இல்ல, அண்ணி லைட்டு. அதுல சொருவினது யாரு?"

"நான்தான்."

"அப்ப பேஜாரு யாரு பண்ணது?"



ஞாயிற்றுக்கிழமை முரளியும் நிர்மலாவும் வந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் இருவரையும் உன் படத்துக்கு முன்னால் நிற்க வைத்து சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் ஏன் நோட்டிஃபிகேஷன் வருதுன்னு நான் இவங்ககிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன் சின்னத்தை" என்றாள். முரளி சிரிக்கவில்லை. உன் மகன் தோற்றால் உன்னை மாதிரியே காது மடலைத் தேய்ப்பான். தேய்த்தான்.

பிறகு சொன்னான், "சரி அத்த. சுவிட்ச் மேட்டர் நம்ம தப்பு. உன்ன அப்டிக் கேட்டது என் தப்பு. ஆனா அந்தப் பாலு?"

அண்ணி, இங்கேதான் நான் உன்னிடமே ஒன்றை மறைத்தேன். பால் பொங்கி வழிந்தது என்று மேலே எழுதினேன். அது மட்டும் இல்லை. பொங்கிய பால் நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் வந்துகொண்டே இருந்தது. நான் அடுப்புக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேமராவுக்குள்ளிருந்து நிர்மலாவின் குரல்தான் "சின்னத்தை, கேஸ், கேஸை மூடுங்க" என்று கத்தியது. மூடினேன், ஜன்னலைத் திறந்தேன். அதெல்லாம் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் அங்கே நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை. முரளி அந்தக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டினான். புடவை கட்டிய யாரோ ஒருத்தி சுவரைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது.

மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. இல்லை என்றே அவனிடம் சொன்னேன்.

நிர்மலா எழுந்து போய்ப் பால் வைத்தாள். அது பொங்கும்வரை அங்கேயே நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். "எங்கம்மாவும் இப்படித்தான் நிப்பாங்க, தூக்கம் இல்லாதப்ப" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, உண்மையா, தெரியவில்லை. அவள் அம்மாவோடு நான் ஒரு வீட்டில் இருந்து பழகியதில்லையே.

கிளம்பும்போது முரளி, "யோசிக்கலாம் அத்த" என்றான். உன் மகனின் யோசிக்கலாமை நான் அவனுடைய ஐந்து வயதிலிருந்து பார்க்கிறேன். அதை நம்பி நான் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் யார் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே, உன் முன்னால், எழுதி வைத்துவிடுகிறேன்.

தேவராஜ் நெட் பெட்டிக்குத் தனியாக ஒரு பிளக் பாயிண்ட் போட்டுத் தர வேண்டும். பகலில் வந்து போட வேண்டும், பகலிலேயே சரிபார்த்துவிட்டுப் போக வேண்டும்.

முரளி, நெருப்பு அணைந்தால் தானாகவே கேஸ் நின்றுவிடும் அடுப்பை வாங்கி வர வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். கூடத்தை எதற்கு அளந்தான் என்பதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்ல வேண்டும். கிரில் கதவு என்று மறுபடி சொன்னால், கதவு வந்து மாட்டுகிறவரை நம்பமாட்டேன். உன் முதல் திதி முடிந்து ஆவணி பிறக்கும்வரை நாவலூர்ப் பேச்சை எடுக்கக் கூடாது.

கேமரா இருக்கட்டும். நீ ஆச்சரியப்படுவாய், நானும்தான். அடுப்பைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும், பகலிலும் எரிய வேண்டும். சாயங்காலத்து அஞ்சலையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, காலையில் துடைக்கிறவளையும் பார்க்கட்டும். ஆனால் நிர்மலா ஒன்று செய்ய வேண்டும். பார்க்கத் திறந்தால் குரல் கொடுக்க வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் நாம் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? இதற்கும் அதுதான் முறை. குரல் கொடுக்காமல் பார்த்தால் அது வேவு. குரல் கொடுத்துவிட்டுப் பார்த்தால் வந்து போகிற உறவு. அவள் கேட்டால் நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். "நீதான் பாத்தியே" என்ற பேச்சை நான் விட்டுவிட வேண்டும்.

பால் வைத்தால் அடுப்பை விட்டு நான் நகரக் கூடாது. ஸ்டூல் ஏறக் கூடாது, புளிப் பானையைக் கீழ்த் தட்டுக்கு இறக்க வேண்டும். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றதை டாக்டரிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும். முரளி துணைக்கு வரலாம், எனக்குப் பதிலாகப் பேசக் கூடாது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் அண்ணி. தனியாக இருக்க என்னால் முடியாத நாள் ஒன்று வந்தால், அதைக் கேமரா சொல்லுமுன் நான் சொல்வேன். மறைக்கமாட்டேன். அன்றைக்கு என் பெட்டியில் துணியை நானே மடித்து வைத்துவிட்டுக் கிளம்புவேன். அதுவரை யார் வந்து கூப்பிட்டாலும் இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன்.

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத,
உன்னை விட்டு ஒருநாளும் போகாத
உன் நாத்தனார்,
அஞ்சலை